தாவீதின் கூழாங்கற்களில் கிறிஸ்துவைத் தேட வேண்டுமா?

தென்மாவட்டக் கிராமச் சபை ஒன்றில் ஞாயிறு பள்ளி நடத்தும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் ஆளும் தெரியாதபடி விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 29. வாரநாட்களில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். பத்து முதல் பதின்மூன்று வயது வரையுள்ள 17 பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டுகளாகப் பாடம் சொல்லித் தருகிறார். போன வருடம் வரை அவருடைய பாடங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும்: நோவாவைப் போலக் கீழ்ப்படியுங்கள், தாவீதைப் போலத் தைரியமாயிருங்கள், தானியேலைப் போல ஜெபியுங்கள். மே மாதம் ஆசிரியர் பயிற்சி முகாமுக்குப் போனார். அங்கே பேசிய ஒருவர், “வேதத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கிறிஸ்துவைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அது யூதர்களின் ஜெப ஆலயத்தில் சொல்லக்கூடிய பாடம், கிறிஸ்தவப் பாடமே அல்ல” என்றிருக்கிறார். ஆறு வருடமும் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோமே என்று இவருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பாடத்தை மாற்றினார். தாவீதின் ஐந்து கற்கள் இயேசுவின் ஐந்து காயங்கள் ஆயின. எரிகோவில் ஒற்றர்களைக் காத்த ராகாபின் சிவப்புக் கயிறு இரத்தம் ஆயிற்று. பகைவரின் படைத்தலைவனைக் கொன்ற யாகேலின் கூடார ஆணி சிலுவை ஆணி என்றுகூட ஒரு வாரம் சொல்லிவிட்டார்; சொன்ன பிறகு மனசு உறுத்தியது. இப்போது 12 வயதுப் பையன் ஒருவன் கதை தொடங்கும் முன்பே, “அக்கா, கடைசியில இயேசுன்னுதானே சொல்லப்போறீங்க?” என்கிறான். மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

கடிதத்தின் நடுவில் நாலே வரியில் வேறொன்றும் இருக்கிறது. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்கும் 13ஆம் சங்கீதத்தை வாசித்த அன்று, எப்போதும் பின்வரிசையில் உட்காரும் ஒரு சிறுமி, “அக்கா, கடவுள்கிட்ட இப்படிக் கேட்கலாமா?” என்று மெதுவாகக் கேட்டிருக்கிறாள். அவள் அப்பா குடிப்பவர் என்பது ஊருக்கே தெரியும். இவர், “கேட்கலாம்மா, ஆனா இதுல நாம பாக்க வேண்டியது இயேசுவை” என்று சொல்லிவிட்டு, தயாரித்து வந்த குறிப்புக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எதுவும் கேட்கவில்லை.

சபையிலும் ஆளுக்கொரு கருத்து. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், “பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தைச் சொல்லிக்கொடும்மா, இறையியல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார். கமிட்டி உறுப்பினர் ஒருவர், “பழைய ஏற்பாடு சண்டையும் ரத்தமுமா இருக்கு, சுவிசேஷம் மட்டும் போதும்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, பேசாமல் பொறுப்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார் சகோதரி. போதகருக்கு அதிக ஆக்கினை உண்டு என்ற யாக்கோபு 3:1 தன்னைப் பயமுறுத்துகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட வேண்டாம். யாக்கோபு 3:1ஐ வாசித்த நீங்கள் அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். “நாம் எல்லாரும் அநேக விஷயங்களில் தவறுகிறோம்” என்று யாக்கோபு தன்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறார். யாகேலின் ஆணியைப் பற்றிச் சொன்னதும் உங்கள் மனசு உறுத்தியதே, வேதத்துக்குப் பயப்படுகிறவர்களுக்குத்தான் அப்படி உறுத்தும். அந்தப் பயம் உள்ள ஆசிரியைதான் அந்த 17 பிள்ளைகளுக்கும் தேவை.

முகாமில் கேட்டதை முழுவதும் தள்ளிவிடவும் வேண்டாம். உயிர்த்தெழுந்த அன்று எம்மாவுக்குப் போகும் வழியில் ஆண்டவர் கிலெயோப்பாவுக்கும் அவருடன் நடந்தவருக்கும் செய்தது வேதபாடம்தான். மோசே முதலிய சகல தீர்க்கதரிசிகளும் எழுதினவற்றில் தம்மைக் குறித்துச் சொல்லியவைகளை விவரித்துக் காண்பித்தார் என்கிறது லூக்கா 24:27. அதே அதிகாரத்தின் 44ஆம் வசனத்தில் மோசேயின் நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், சங்கீதங்கள் என்று மூன்று பகுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஆகவே கிறிஸ்துவை விட்டுவிட்டு வேதம் முழுவதையும் படிப்பிக்க முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த வசனத்தை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். வேதவாக்கியங்கள் எல்லாவற்றிலும் தம்மைக் குறித்துச் சொல்லியவை உண்டு என்கிறது. ஒவ்வொரு கல்லும் கயிறும் ஆணியும் அவருக்கு ரகசியக் குறியீடு என்று சொல்லவில்லை. அதற்கு முந்தின வசனத்தில், அவர் எதை விளக்கினார் என்பதும் இருக்கிறது. கிறிஸ்து பாடுபடவும், பிறகு மகிமையில் பிரவேசிக்கவும் வேண்டியதில்லையா என்று கேட்கிறார். வேதம் முழுவதும் ஓடும் ஒரு பெரிய ஓட்டத்தைத்தான் அவர்களுக்குக் காட்டினார். உங்கள் பக்கத்து ஊர்களில் வாய்க்கால் எல்லாம் குளத்துக்குப் போகும். வாய்க்காலைக் காட்டி இதுதான் குளம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தண்ணீர் போகும் திசையில் கூடவே நடத்திக் கூட்டிப்போனால் அவர்களே குளத்தைப் பார்ப்பார்கள்.

இதை நான் ஒரு மூதாட்டியிடம் கற்றுக்கொண்டேன். ஊழியத்துக்கு வந்த புதிதில், எலிசா கோடரியை மிதக்கப்பண்ணின பகுதியில் பிரசங்கித்தேன். வெட்டிப்போட்ட கொம்பு சிலுவை, தண்ணீரில் முழுகின இரும்பு பாவி என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா பெரிய எழுத்து வேதாகமத்தை விரித்துக்கொண்டு வந்தார். 2 இராஜாக்கள் 6:5இல், கோடரியைத் தொலைத்தவன் அது இரவலாக வாங்கினது என்று அலறுகிற இடத்தில் விரலை வைத்தார். “ஐயா, இரவல் வாங்கினதைத் தொலைச்சவன் பயம் எனக்குத் தெரியும். ஆண்டவர் அதையும் பார்க்கிறார்னுதானே இதுல இருக்கு?” என்றார். அவர் விரல் வைத்த இடத்தை நான் பிரசங்கத்தில் தொடவே இல்லை. கடன்பட்ட ஏழை ஒருவனின் கோடரிக்காகத் தேவன் இறங்கி வருகிறார் என்ற செய்தி அங்கே பச்சையாக எழுதியிருந்தது. அதிலிருந்து, ஏழைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட நம் ஆண்டவரிடம் போவதற்குக் கொம்பைச் சிலுவையாக்க வேண்டிய அவசியமே இல்லை.

தாவீதின் கதையை எப்படிச் சொல்வது?

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை என்பதால் இதையே எடுத்துக்கொள்வோம். 1 சாமுவேல் 17இல் ஐந்து கற்கள் வருவது உண்மை. எறிந்தது ஒன்றுதான். ஐந்து காயங்கள் என்ற எண்ணம் அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. அதை நாம்தான் கொண்டுபோய் வைக்கிறோம். நாம் வைத்ததை நாமே எடுத்துக் காட்டினால், கெட்டிக்காரப் பையன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். உங்கள் வகுப்பில் ஒருவன் கண்டுபிடித்துவிட்டான்.

அந்த அதிகாரம் சொல்கிறபடியே சொல்லிப் பாருங்கள். ஏலா பள்ளத்தாக்கு. இந்த மலையில் இவர்கள், அந்த மலையில் அவர்கள், நடுவில் ஆறு முழமும் ஒரு ஜாணும் உயரமுள்ள ஒருவன். (முழம் போட்டுச் சுவரில் அளந்து காட்டுங்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கட்டும்.) நாற்பது நாள் காலையும் மாலையும் வந்து நிற்கிறான். சவுலும் இஸ்ரவேலர் அனைவரும் கலங்கி மிகவும் பயப்படுகிறார்கள். அண்ணன்மாருக்கு வறுத்த பயறும் அப்பமும், அவர்களுடைய தலைவனுக்குப் பத்துப் பால்கட்டியும் எடுத்துக்கொண்டு வருகிறான் கடைசித் தம்பி. இந்த இடத்தில் நிறுத்தி, “இந்தக் கதையில் நாம் யார்?” என்று கேளுங்கள். எல்லாரும் தாவீது என்றுதான் சொல்வார்கள். ஆறு வருடமாக நாமும் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தோம்! பிறகு அந்த மலையில் கைகால் நடுங்க நிற்கும் படையைக் காட்டுங்கள். அங்கேதான் நாம் நிற்கிறோம்.

முந்தின அதிகாரத்தில் சாமுவேல் தாவீதை எண்ணெயால் அபிஷேகம் பண்ணினார். ‘கிறிஸ்து’ என்ற சொல்லுக்கே அபிஷேகம் பெற்றவர் என்றுதானே அர்த்தம்? அபிஷேகம் பெற்ற ஒருவர், பயந்து நிற்கிற ஜனத்துக்காகத் தனியாக இறங்கிப் போகிறார். அவர் ஜெயித்தது ஜனம் முழுவதற்கும் ஜெயமாகிறது. கதையின் எலும்புக்கூடே இப்படித்தான் இருக்கிறது. கிறிஸ்துவிடம் போகிற வழி எங்கோ ஒரு கூழாங்கல்லுக்குள் ஒளிந்திருக்கவில்லை.

அப்புறம் 52ஆம் வசனம். கோலியாத் விழுந்த பிறகு, அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த இஸ்ரவேலர் எழுந்து, ஆர்ப்பரித்துத் துரத்துகிறார்கள். தைரியம் அப்போதுதான் வருகிறது. ஜெயித்துக் கொடுத்தவர் ஒருவர் இருப்பதால் பின்னால் வருகிறவனுக்கும் தைரியம் வருகிறது. “தைரியமாயிருங்கள்” என்று நீங்கள் ஆறு வருடம் சொன்னது பொய் இல்லை. அதற்குரிய இடம் 52ஆம் வசனம். நீங்கள் அதை முதலிலேயே சொல்லிவிட்டீர்கள், அவ்வளவுதான். பள்ளியில் ஒருவன் அடிக்கிறான் என்று பயந்து வரும் பிள்ளையிடம் “நீதான் தாவீது, போ” என்று சொல்வதற்கும், “உனக்காக ஏற்கெனவே இறங்கினவர் ஒருவர் இருக்கிறார், வா” என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு ஒரு நாள் உரியாவின் கதையையும் மறைக்காமல், வயதுக்கேற்ப சொல்லுங்கள். இதே தாவீது பிறனுடைய மனைவியை எடுத்துக்கொண்டு அவள் கணவனைக் கொல்லவைத்தார். அப்போதுதான் பிள்ளைகள், “அப்படின்னா இவரும் அந்த ராஜா இல்லையா?” என்று கேட்பார்கள். மத்தேயுவின் முதல் வசனம் இயேசுவைத் தாவீதின் குமாரன் என்று ஏன் சொல்கிறது என்பது அந்தக் கேள்வியோடு வருகிறவனுக்குத்தான் இனிக்கும்.

தலைமையாசிரியர் ஐயா சொல்வதில் உள்ள நியாயம்

முன்மாதிரியைக் காட்டிப் பாடம் சொல்வதே தப்பு என்று முகாமில் உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அது சரியல்ல. 1 கொரிந்தியர் 10ஐ எடுத்துப் பாருங்கள். நாலாம் வசனத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தண்ணீர் தந்த கன்மலை கிறிஸ்துவே என்கிறார் பவுல். இரண்டே வசனம் தள்ளி, இச்சியாமலிருக்க இவை நமக்குத் திருஷ்டாந்தங்கள் என்கிறார். கிறிஸ்துவும் ஒழுக்கமும் ஒரே மூச்சில் வருகின்றன. யாக்கோபு எலியாவை நம்மைப் போலப் பாடுள்ள மனுஷன் என்று காட்டித்தான் ஜெபிக்கச் சொல்கிறார்.

ஆபத்து எங்கே என்றால், ஒழுக்கத்தோடு நின்றுவிடுவதில். பதின்மூன்று வயதில் தானியேலைப் போல இருக்க முடியாத பிள்ளை என்ன செய்யும்? ஒன்று, இருப்பதாக நடிக்கும். இல்லையென்றால் இது எனக்கு ஒத்துவராது என்று போய்விடும். திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராகும் சடங்கு) முடிந்த கையோடு வாலிபர்கள் ஆலயத்தை விட்டு விலகுவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். தோற்றுப்போகிற பிள்ளைக்குச் சொல்ல நம் கையில் ஒன்றும் இல்லாமல் போனால், அது அந்தப் பிள்ளையின் குற்றம் மட்டும் அல்ல.

ஐயாவிடம் வாதாட வேண்டாம். ஒரு ஞாயிறு வகுப்புக்கு வந்து உட்காரும்படி கூப்பிடுங்கள். முழம் போட்டு அளக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். வருடக்கணக்கில் வகுப்பு எடுத்தவர், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

“சுவிசேஷம் மட்டும் போதும்” என்ற யோசனை

இந்த யோசனைக்கு வயது அதிகம். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாட்டையே வேண்டாம் என்று ஒதுக்கி, லூக்காவில் கொஞ்சமும் பவுலின் பத்து நிருபங்களும் மட்டும் வைத்துக்கொண்டார். ரோமச் சபை கி.பி. 144இல் அவரை விலக்கியது. உங்கள் கமிட்டி உறுப்பினர் பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையால் சொல்கிறார். அவரை மார்சியோனோடு சேர்த்துப் பேசிவிடாதீர்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களில் 929 பழைய ஏற்பாட்டில் இருக்கின்றன. முக்கால் பங்குக்கும் மேல். அவ்வளவையும் எடுத்துவிட்டால் சுவிசேஷமே பாதி புரியாது. ஆட்டுக்குட்டி, பஸ்கா, மன்னா, மேய்ப்பன், தாவீதின் குமாரன், இவற்றில் எதை விளக்கப்போனாலும் பின்னால் திரும்பித்தான் ஆக வேண்டும்.

நம் தமிழ்ச் சபையின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715இல் முடித்தார். அதோடு போதும் என்று நிறுத்தவில்லை. பழைய ஏற்பாட்டைத் தொடங்கி, 1719இல் இறக்கும்போது ரூத் வரை மொழிபெயர்த்திருந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி பெஞ்சமின் சுல்ட்சே எடுத்துச் செய்து, 1728இல் அச்சு வேலை முடிந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் முழு வேதாகமமும் தமிழன் கையில் அச்சில் கிடைத்தது. சீகன்பால்க் ரூத்தோடு நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும். அந்தப் புத்தகத்தில் கடைசியாக வரும் பெயரே தாவீதுதான். அங்கிருந்து மத்தேயு முதல் அதிகாரத்துக்கு நேர் வழி.

சண்டையும் ரத்தமும் பற்றிய கவலை மட்டும் நியாயமானது. நியாயாதிபதிகள் 19 போன்ற பகுதிகள் பத்து வயதுக்கு வேண்டாம். முழு வேதம் என்றால் எல்லா அதிகாரத்தையும் எல்லா வயதுக்கும் சொல்வது என்று அர்த்தம் இல்லை. அப்படிப்பட்ட பகுதிகள் இருக்கின்றன, வளர்ந்த பிறகு சேர்ந்து வாசிப்போம் என்று சொல்வது மறைப்பதாகாது.

பாடம் தயாரிக்கும்போது

நீங்கள் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குமேல்தான் தயாரிப்பீர்கள் என்று தெரிகிறது. அதனால் நீளமான முறை எதுவும் சொல்லவில்லை. இரண்டு காரியம் போதும்.

முதலாவது, அந்தப் பகுதியைக் கேட்ட முதல் ஜனத்துக்கு அது என்ன சொன்னது என்று பாருங்கள். கிறிஸ்துவின் பெயரைச் சொல்ல அவசரப்படாதீர்கள். பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தில் ஏறியபோது, மந்திரி வாசித்துக்கொண்டிருந்த ஏசாயாவின் அந்த வசனத்திலிருந்தே தொடங்கினார் என்று அப்போஸ்தலர் 8 சொல்கிறது. அவன் கேட்ட கேள்வியும் நேர்மையானது: தீர்க்கதரிசி தன்னைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா? உங்கள் பிள்ளைகளும் அப்படிக் கேட்கலாம்.

இரண்டாவது, புதிய ஏற்பாடே போட்டுவைத்த பாதையில் முதலில் நடங்கள். வனாந்தரத்தில் மோசே உயர்த்திய வெண்கல சர்ப்பத்தை ஆண்டவரே யோவான் 3இல் தம்மோடு சேர்த்துப் பேசினார். பாவநிவாரண நாளின் பலிகளை எபிரெயர் நிருபம் விளக்குகிறது. எனவே லேவியராகமத்தைத் தாண்டி ஓட வேண்டாம். 16ஆம் அதிகாரத்தின் இரண்டு ஆட்டுக்கடாக்களை பிள்ளைகள் ஒருபோதும் மறக்க மாட்டார்கள்: ஒன்று பலியாகிறது, மற்றது ஜனத்தின் அக்கிரமங்களைச் சுமந்துகொண்டு திரும்பிவராத வனாந்தரத்துக்குப் போகிறது. காகிதத்தில் தங்கள் தப்புகளை எழுதவைத்து, அதை யாரும் வாசிக்காமல் எடுத்துப்போய்விடுங்கள். அதன் பிறகு, இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்கிற எபிரெயர் 13:12ஐ வாசியுங்கள்.

ராகாபின் கயிற்றைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அது இரத்தத்துக்கு அடையாளம் என்பது முகாமில் உண்டான கருத்து அல்ல; முதல் நூற்றாண்டின் முடிவிலேயே ரோமாபுரியின் கிளெமெந்து கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் அப்படி எழுதினார். எனவே சொன்னதற்காக வருத்தப்பட வேண்டாம். ஆனால் பழைய கருத்து என்பதாலேயே வேதத்தின் கருத்து ஆகிவிடாது. புதிய ஏற்பாடு ராகாபை மூன்று இடத்தில் சொல்கிறது: மத்தேயு 1, எபிரெயர் 11, யாக்கோபு 2. மூன்றிலும் கயிறு இல்லை. அவளுடைய விசுவாசம் இருக்கிறது, ஒற்றர்களை ஏற்றுக்கொண்ட கை இருக்கிறது, இயேசுவின் வம்ச அட்டவணையில் அவள் பெயர் இருக்கிறது. எரிகோவின் வேசி ஒருத்தி ஆண்டவரின் பாட்டிமாரில் ஒருத்தி ஆனாள் என்பதைவிடக் கயிறு பெரிய செய்தியா, சொல்லுங்கள். யாகேலின் ஆணியை மட்டும் அடுத்த வாரம் பிள்ளைகளிடமே, “அக்கா அன்றைக்குச் சொன்னது சரியில்லை” என்று சொல்லிவிடுங்கள். உங்கள்மேல் உள்ள மரியாதை குறையாது, கூடும்.

இடையே ஒரு வார்த்தை. “யூதர்களின் ஜெப ஆலயத்தில் சொல்லக்கூடிய பாடம்” என்ற பேச்சை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். நம் ஆண்டவர் நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று ஏசாயாவை வாசித்தவர். அவர்கள் வேதத்தை வேறுவிதமாக வாசிக்கிறார்கள் என்று சொல்லலாம். இளக்காரமாகப் பேசப் பிள்ளைகள் நம்மிடம் கற்றுக்கொள்ளக் கூடாது.

அந்தப் பையனுக்கு: அவன் கேலி செய்யவில்லை என்றே நினைக்கிறேன். கேள்விக்கு முன்பே விடை தெரிந்துவிடுகிறது என்கிறான், அது உண்மை. அவனிடம் வேறு கேள்வியைக் கொடுங்கள். “இந்தக் கதை வேதத்தில் இல்லாமலே போயிருந்தால், இயேசுவைப் பற்றி நமக்கு எது தெரியாமல் போயிருக்கும்?” ரூத்தின் கதை இல்லையென்றால், இழந்துபோனதை விலைகொடுத்து மீட்கிற சுதந்தரவாளியாகிய போவாஸைத் தெரியாது, மீட்பர் என்ற சொல்லின் ருசியும் தெரியாது. இதற்கு அவன் யோசித்துத்தான் ஆக வேண்டும். சில வாரம் உங்களுக்கே விடை வராது. அப்போது போதகரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

யாரிடம் பேசுவது, எப்போது

பாடத்திட்டத்தை மாற்றுவதாக இருந்தால் கமிட்டியில் போய் நிற்காமல், முதலில் உங்கள் சேகர குருவிடம் தனியாகப் பேசுங்கள். போதனைக்குப் பொறுப்பு அவர். நீங்கள் அவருக்கு உதவி செய்கிறவர். இது உங்களுக்குப் பாதுகாப்பும்கூட. எழுத்தில் ஒரு பாடத்திட்டமும், உங்களோடு இன்னொரு ஆசிரியரும் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 17 பிள்ளைகளை ஒருவரே ஆறு வருடம் பார்ப்பது அதிகம்.

விடுமுறை, அசனப் பண்டிகை, மழை எல்லாம் போக வருடத்துக்கு 40 ஞாயிறு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை உங்களிடம் மூன்று வருடம் இருந்தால் 120 பாடம். என் அபிப்பிராயத்தில் முதலில் மாற்கு சுவிசேஷத்தை முழுவதும் முடித்துவிடுங்கள். யாரிடம் போகிறோம் என்று தெரிந்தபிறகு ஆதியாகமத்திலிருந்து நடப்பது எளிது. நிருபங்களுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. சங்கீதங்களுக்கு மட்டும் குறைக்காதீர்கள்.

கடைசியாக, அந்தச் சிறுமி. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம். அதில் “எதுவரைக்கும்” என்ற சொல் நாலு தரம் வருகிறது. ராத்திரி அப்பா வரும் சத்தத்துக்காகக் காத்துக்கிடக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் சொந்தச் சொல். அவள் கேட்ட கேள்வியை விட்டுவிட்டுக் கிறிஸ்துவிடம் போகப் பார்த்தீர்கள். ஆனால் அவர் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தார். சிலுவையில் அவர் சொன்னது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி: என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்? தேவகுமாரனே அப்படிக் கேட்டார் என்றால், அவளும் கேட்கலாம். அவளுக்குத் தேவையான பதில் அதுதான்.

வீட்டில் அவள் பத்திரமாக இருக்கிறாளா என்பதையும் கவனியுங்கள். அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். அடி, காயம், பயம் ஏதாவது தென்பட்டால் போதகருக்குச் சொல்லுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் தயங்காமல் அழையுங்கள். ஜெப விண்ணப்பம் என்று வகுப்பிலோ பெண்கள் ஐக்கியத்திலோ அவள் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். ஊர் சின்னது.

வருகிற ஞாயிறு புதுப் பாடம் வேண்டாம். 13ஆம் சங்கீதத்தையே திரும்ப எடுங்கள். எல்லாரும் ஒரு முறை சத்தமாக வாசிக்கட்டும். பிறகு, “போன தடவை ஒரு நல்ல கேள்வி வந்தது, அக்கா சரியாகப் பதில் சொல்லவில்லை” என்று தொடங்குங்கள். யார் கேட்டது என்று சொல்ல வேண்டாம். பின்வரிசையை நிமிர்ந்து பார்க்கவும் வேண்டாம். அவளுக்குத் தெரியும்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்